சட்டைப் பையில் கல்லுப்பு

அவர் பேரை நான் இதில் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று சொன்னதே அவர்தான். "ஏத்தா, என்னையப் பத்தி என்ன வேணும்னாலும் எளுதிக்கோ. பேரை மட்டும் போட்டுராத. மாரியாத்தாகிட்ட எம்மேல ஒரு களவுக் கேஸு நிலுவையில கெடக்கு. நீ பாட்டுக்கு விலாசம் குடுத்துராத" என்றார். அதனால் வேனில் நாங்கள் கூப்பிட்டபடியே டிரைவர் அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். இப்போது அவர் மகள் வீட்டோடு கோவில்பட்டிப் பக்கம் போய்விட்டார்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு எங்கள் ஊரிலிருந்து பதினெட்டுப் பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வேன் அவருடையது. நான் கிப்ட் பாக்ஸ் பேக்கிங்கில் இருந்தேன். படிப்பு எட்டாவது. செவ்வாய், வெள்ளி மாரியம்மனுக்கு விளக்குப் போடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். இது பெருமைக்குச் சொல்வதில்லை. பின்னால் வரப்போகிற கூத்துக்கு இதுதான் காரணம், அதனால் சொல்லிவைக்கிறேன்.

மற்ற டிரைவர்மார் சட்டைப் பையில் பீடிக்கட்டு இருக்கும். பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டுகிறவருக்குப் பீடி ஆகாது. அந்த இடத்தில் அண்ணாச்சி கல்லுப்பு வைத்திருந்தார். பேப்பரில் மடித்த பொட்டலம். ஒவ்வொரு தடவை கியர் மாற்றி முடித்ததும் கை ஸ்டீயரிங்குக்குத் திரும்பாமல் சட்டைப் பைக்குப் போகும். ஒரு கல் வாய்க்குள் விழும். 'நறுக்'. அப்புறம்தான் வண்டி வேகமெடுக்கும். மாங்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்பது ஊர் வழக்கம். அண்ணாச்சி உப்புக்கு மாங்காய் தொட்டுக்கொள்கிறவர்.

தின்றால் சும்மா இருக்குமா? டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் மூன்று பெரிய தண்ணீர்ப் பாட்டில். கம்பெனி போய்ச் சேர்வதற்குள் இரண்டு காலி. குடித்தது குடித்தபடி உள்ளே இருக்குமா? ஊர் எல்லையில் ஒரு நிறுத்தம், ஓடைப் பாலத்தில் ஒரு நிறுத்தம். வேன் நின்று அண்ணாச்சி கருவேலஞ்செடிக்குப் பின்னால் மறைந்தால் நாங்கள் பதினெட்டுப் பேரும் ஒன்றாக மறுபக்கம் திரும்பி, எவனோ ஒருத்தன் கம்மங்காட்டை அக்கறையாகப் பார்ப்போம்.

செல்லத்தாயக்காவுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. எனக்குப் பக்கத்து சீட்டு, பேக்கிங்கிலும் பக்கத்து இடம். "அண்ணாச்சி, வெம்பக்கோட்டை அணையில தண்ணி இல்லைன்னு ஏன்தான் அளுகுறாகளோ? உங்களை ஒரு வாரம் அங்கன நிப்பாட்டினா கரை தளும்பிரும்லா" என்பார்.

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்னு ஊரே சொல்லுது. சொல்லுறவுக எல்லாம் சொல்லிட்டுப் போயிருதாக. நான் ஒருத்தன்தான் செஞ்சு காட்டுறேன்" என்று வண்டியைக் கிளப்புவார்.

கம்பெனி வாசலில் தினமும் சோதனை உண்டு. தீப்பெட்டி, செல்போன் எதுவும் உள்ளே போகக்கூடாது. உள்ளேயிருந்து மருந்து வெளியே போகக்கூடாது. ஒருநாள் புதிதாக வந்த வாட்ச்மேன், வெளியே கிளம்பிய அண்ணாச்சியின் சட்டைப் பையைத் தடவிப் பொட்டலத்தை எடுத்துவிட்டார். பிரித்தால் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வெடிக்குப் போடுகிற வெடியுப்பும் பார்வைக்கு இதேபோலத்தான்.

"மருந்து ரூமுல இருந்து களவாண்டீகளா?" என்று விசில் ஊதிவிட்டார். போர்மேன் ஓடி வந்தார். அண்ணாச்சி பொட்டலத்தை வாங்கினார், அண்ணாந்தார், மொத்தத்தையும் வாயில் கொட்டி நறநறவென்று மென்றார். போர்மேன் முகம் வெளிறிப்போய், "யோவ், துப்புய்யா! துப்புய்யா!" என்று அவர் தாடையைப் பிடித்துத் தொங்குகிறார். அண்ணாச்சி முழுங்கி முடித்து ஒரு ஏப்பம் விட்டு, "வெடியுப்பா இருந்தா இந்நேரம் வெடிச்சிருப்பேன்லா. காமாலைக் கண்ணுக்கு மஞ்சளாத் தெரியுற மாதிரி உங்க கண்ணுக்கு எல்லாம் மருந்தாத் தெரியுது" என்றார். அன்றைக்குத் திரும்பி வரும்போது பத்து நிறுத்தம்.

அவருக்கு உடம்பும் ஒரு மாதிரிதான். ஐம்பது தாண்டிய ஆளுக்குச் சதை ஒட்டவே இல்லை. சில நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல் அப்படியே இழுத்துக்கொள்ளும். "வெரல் கோவிச்சுக்கிருச்சு" என்று சொல்லி, இன்னொரு கல்லை எடுத்துப் போட்டு நீவிவிடுவார். சின்ன வயதிலேயே அடுப்படி உப்புச் சட்டியில் கைவிட்டு அம்மாவிடம் அடி வாங்கியவராம். நாங்கள் இதையெல்லாம் ஒரு ஆளுடைய பழக்கம் என்றே நினைத்தோம். ஒருத்தருக்கு வெற்றிலை, ஒருத்தருக்கு மூக்குப்பொடி, இவருக்கு உப்பு.

இனி அந்தக் களவுக் கதை.

கம்பெனிக்குப் போகிற வழியில் எங்கள் மாரியம்மன் கோயில். காலையில் வேன் அங்கே ஒரு நிமிஷம் நிற்கும். இறங்கித் திருநீறு பூசிக்கொண்டு ஏறுவோம். பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் சாமி கும்பிடாமல் போக முடியாது. காலையில் போகிறவர்கள் சாயங்காலம் முழுசாகத் திரும்ப வேண்டுமே. கோயில் பலிபீடத்தடியில் எப்போதும் உப்பு குவிந்து கிடக்கும். உடம்பில் மரு, கொப்புளம், அம்மைத் தழும்பு என்று எது வந்தாலும் ஆத்தாளுக்கு உப்பும் மிளகும் போடுவதாக நேர்ந்துகொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். உப்பு கரைவதுபோல நோவு கரையும் என்பது நம்பிக்கை.

அண்ணாச்சியும் இறங்குவார். எங்களைப்போல நின்றபடி கும்பிட மாட்டார். பலிபீடத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுவார். எழுந்திருக்க நேரமாகும். அதைப் பார்த்து நான் உருகிப்போயிருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரரிடம், "ஒரு டிரைவருக்கு இருக்குற பக்தி உங்களுக்கு இருக்கா?" என்றுகூடச் சண்டை பிடித்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் அவருக்கு நேர் பின்னால் நின்றேன். அண்ணாச்சி விழுந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டினார். வலது கை மட்டும் மெல்ல நகர்ந்து உப்புக் குவியலுக்குள் போனது. மூடியது. எழுந்து கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல அந்தக் கையைக் கொண்டுபோனார். அப்படியே சட்டைப் பைக்குள் இறக்கினார்.

"அண்ணாச்சி! ஆத்தா உப்பையா களவாங்குறீக?"

ஆள் அசரவில்லை. "களவு இல்லைத்தா. ஆத்தாகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன். வேண்டாம்னு சொல்லலையே."

வேனில் ஏறியதும் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். செல்லத்தாயக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "ஊரு மருவை எல்லாம் கரைச்ச உப்பாச்சே அண்ணாச்சி. உங்களுக்கு மருவு மொளைச்சா எங்கன போவீக?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்டேன்: "பதினெட்டுப் பொம்பளை ஏறுற வண்டி. நாங்க போற எடம் நெருப்புக்குப் பக்கத்துல. ஓட்டுறவுக மேல தெய்வக்குத்தம் இருக்கலாமா?"

அண்ணாச்சி கண்ணாடியில் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். சட்டைப் பைக்குப் போன கை பாதியில் நின்றது. "என்ன செய்யணும்னு சொல்லுங்க. உங்க உசுரு வெளையாட்டு இல்லை" என்றார். அவர் கேலி இல்லாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்ட மூன்று நாள் இருந்தது. தீர்ப்புச் சொன்னது நான்தான். உப்பில் செய்த தப்புக்கு உப்பில்தான் பரிகாரம். காப்புக் கட்டிய நாளிலிருந்து பொங்கல் வரை எட்டு நாள் உப்பில்லா விரதம், ஒருபொழுதுச் சாப்பாடு. ஏமாற்றிவிடுவார் என்று சாப்பாட்டையும் நானே கொண்டுவந்தேன். உப்புப் போடாத சோறு, உப்புப் போடாத பாசிப்பருப்பு. வேனில் ஏறும்போது செல்லத்தாயக்கா வாட்ச்மேன்போல நின்று, "கையைத் தூக்குங்க அண்ணாச்சி" என்று சட்டைப் பை, சீட்டுக்கு அடி எல்லாம் சோதிப்பார். முதல் நாள் ஸ்பேர் டயருக்குள்ளிருந்து ஒரு ஊறுகாய்ப் பாட்டில் பிடிபட்டது.

இரண்டாம் நாள் அண்ணாச்சி ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து, "போறேன் தாயி… ஒரு நாரத்தங்காத் துண்டை நாக்குல வச்சா உசுரு நிக்கும்" என்று முனகினார். பதறிப்போய் நாங்கள் எழுந்தால் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்கிறார். வேன் முழுக்கச் சிரிப்பு. மூன்றாம் நாளும் அதே நாடகம், கூடவே கடைசி ஆசை வேறு: கருவாட்டுக் குழம்பு.

நான்காம் நாள் நாடகம் இல்லை. நான் சந்தோஷப்பட்டேன். மனசு அடங்கிவிட்டது, ஆத்தா ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை. பங்குனி வெயில் அப்போதே சுள்ளென்று இருந்தது. அணைக்கட்டுத் திருப்பத்துக்கு முன்னால் வேன் மெல்ல வேகம் குறைந்து, ரோட்டை விட்டு இறங்கி, ஒரு வேப்ப மரத்தடியில் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் சேர்த்து இழுத்தார். "எல்லாரும் எறங்கிருங்க" என்றார்.

"இன்னைக்கு என்ன ஆசை அண்ணாச்சி? கோளிக் குளம்பா?" என்றார் செல்லத்தாயக்கா.

"காலு வரலைத்தா."

"நடிக்காதீக அண்ணாச்சி, எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டை மூடிருவாக" என்றேன். நான்தான் சொன்னேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டு கை விரலும் கோழிக்கால்போல உள்ளே மடங்கி இறுகிக் கிடந்தது. நான் பிரித்துவிடப் பார்த்தேன், பிரியவில்லை. முகம் வேர்த்து வடிந்தது. அந்த நிலைமையிலும், "வண்டி சாயலையே? எல்லாரும் எறங்கிட்டாகளா?" என்றுதான் கேட்டார்.

அந்த வழியாக வந்த லோடு ஆட்டோவை மறித்து, காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் அவரைப் படுக்கவைத்து, நானும் செல்லத்தாயக்காவும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் நான் ஆத்தாளிடம் சண்டைதான். உனக்காகத்தானே தாயே செய்தேன், இப்படிப் பண்ணிவிட்டாயே என்று.

நெஞ்சில் ஒயர் மாட்டிப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஓட்டமாக வந்தார். "பொட்டாசியம் ரொம்பக் கொறஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நெஞ்சுத் துடிப்பே தடுமாறியிருக்கும்" என்றார்.

செல்லத்தாயக்கா முகம் தெளிந்துவிட்டது. "பொட்டாசியமா? அம்புட்டுத்தானா? எங்க கம்பெனி மருந்து ரூமுல மூட்டை மூட்டையாக் கெடக்கு டாக்டரம்மா. மேலயே எளுதியிருக்கும். ஒரு பொட்டலம் கட்டியாரவா?"

"அய்யய்யோ, அது வெடிக்குப் போடுறதும்மா! அதை வாயில வைக்கக்கூடாது!" என்று அந்தப் பிள்ளை இரண்டு எட்டு பின்னால் போய்விட்டது.

கையில் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் விரல் பிரிந்தது. அண்ணாச்சி கண்ணைத் திறந்து முதலில் பாட்டிலைப் பார்த்தார். "இதுல என்ன ஏறுது?"

"உப்புத் தண்ணியும் பொட்டாசியமும்" என்றார் நர்ஸம்மா.

என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, ஊசி வளியா உப்பு ஏறினா வெரதம் முறிஞ்சதாக் கணக்கா, இல்லையா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உப்புத் தின்பார், தண்ணீர் குடிப்பார், வண்டியை நிறுத்துவார், நான்தான் ஐந்து நாளாக உப்பை நிறுத்தினேன், நான்தான் கொல்லப் பார்த்தேன் என்றேன். அவர் திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டார். சின்ன வயதிலிருந்தே இப்படியா, விரல் இழுக்குமா என்று. அப்புறம், "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார்.

"வேன் டிரைவர்மா. ஊரு ஊரா ஆள் ஏத்துறது."

"அப்ப உங்களுக்குச் சொல்லுறது சுலபம்" என்று சொல்லத் தொடங்கினார். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது உப்பு முக்கால்வாசி என்றில்லை, மொத்தமாகவே தண்ணீரோடு குழாய்க்குள் இறங்கிவிடுமாம். அப்படியே விட்டால் மூத்திரத்தில் போய்விடும், மனுஷன் பிழைக்க முடியாது. அதனால் அந்தக் குழாயின் சுவர் நெடுக உப்பைத் திரும்ப ரத்தத்துக்கு ஏற்றிவிட வண்டிகள் நிற்கின்றன. புரதத்தால் ஆனவை, கண்ணுக்குத் தெரியாதவை. முதல் ஸ்டாப்பில் பாதிக்கு மேல் ஏறிவிடும். இரண்டாவது ஸ்டாப்பில் இன்னும் கொஞ்சம். மூன்றாவதில் ஏறுவது சொச்சம்தான். ஆனால் உப்பு வேண்டுமா, வேண்டாமா என்று பார்த்து உடம்பு அந்த வண்டியைக் கூட்டவும் குறைக்கவும் செய்வதால், அந்தச் சொச்சத்தில்தான் சூட்சுமம்.

"இவருக்கு மூணாவது ஸ்டாப்புல வேன் வரலைன்னு நெனைக்கிறேன். பொறந்ததுல இருந்தே. முழுசாச் சோதிச்சு உறுதி பண்ணணும்" என்றார். அங்கே ஏறாத உப்பெல்லாம் நான்காவது ஸ்டாப்பில் முண்டியடிக்கும். அங்கே ஒரு விதி: உப்பு உள்ளே ஏறினால் அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் வெளியே இறங்கவேண்டும். அப்படி இறங்கி இறங்கித்தான் சதைக்குத் தெம்பில்லாமல் கால் வராமல் போனது. மிச்சம் ஏறாத உப்பு தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடும். அதனால்தான் தாகம். அதனால்தான் ஓடைப் பாலம்.

"அவர் உப்பு கேட்டது நாக்கு ருசிக்கு இல்லைம்மா. போற உப்பை ஈடு கட்டத் தெரியாத்தனமா அவரே வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. உப்பு கொறஞ்சா நாலாவது ஸ்டாப்புல முண்டியடிப்பு இன்னும் கூடும், பொட்டாசியம் இன்னும் இறங்கும். நீங்க அந்த வைத்தியத்தை நிறுத்திட்டீங்க."

அண்ணாச்சி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரையே ஏத்தி எறக்குறவன் வயித்துக்குள்ள வேன் வரலையாம் பாருங்க. டிரைவர் லீவு போல."

டாக்டரம்மா என்னிடம், "உங்க வீட்டுல யாருக்காவது பிரஷர் உண்டா?" என்று கேட்டார். வீட்டுக்காரருக்கு உண்டு என்றேன். மாத்திரைப் பேரைச் சொல்லச் சொன்னார். அந்த மாத்திரை செய்கிற வேலையே அந்த மூன்றாவது ஸ்டாப் வண்டியை நிறுத்திவைப்பதுதானாம். அதிகமான உப்பு வெளியே போய் பிரஷர் இறங்க வேண்டும் என்பதற்காக. "அதனால உங்க வீட்டுக்காரருக்கு உப்பைக் கொறைங்க. இவருக்குக் கொறைக்காதீங்க. மாத்திச் செஞ்சுறாதீங்க."

"ஏத்தா, உம் புருசன் தெனமும் முளுங்குற மாத்திரையாவே நான் பொறந்திருக்கேன்" என்றார் அண்ணாச்சி. பெருமையாகத்தான் சொன்னார்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடியை ஒளித்துவைத்து ஒளித்துவைத்து, உப்பு என்றாலே கெடுதல், அதை ஒருத்தரிடமிருந்து பிடுங்கினால் புண்ணியம் என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது. ஒரு உடம்புக்கு மருந்தாக இருப்பது இன்னொரு உடம்புக்கு எமன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது. மதுரைக்கு அனுப்பிச் சோதித்ததில் டாக்டரம்மா சொன்னதே சரி என்று வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் சரியாகும் வரை வண்டியைத் தொடக்கூடாது என்றார்கள். இரண்டு மாதம் கழித்து அண்ணாச்சி திரும்பி வந்தபோது சீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலோடு வாழைப்பழச் சீப்பும் இளநீரும். சட்டைப் பையில் உப்புப் பொட்டலம், அதன் மேல் மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டு. வாட்ச்மேனிடம் தினமும் அதை விரித்து, "படிச்சுப் பாருங்க, சர்க்காரே தின்னச் சொல்லியிருக்கு" என்பார்.

அதெல்லாம் பிறகு. நான் சொல்ல வந்தது பொங்கலன்றைக்கு நடந்தது.

அண்ணாச்சி இன்னும் ஆஸ்பத்திரியில். நான் குளித்து முழுகி, ஒரு படி கல்லுப்பும் மிளகும் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மேளச் சத்தம், அக்கினிச் சட்டிப் புகை, கூட்டம். பலிபீடத்தில் உப்பைக் கொட்டிவிட்டு நின்றேன். ஆத்தாளிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவர் செய்தது தப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டால், அவர் உடம்பை அப்படிப் படைத்தது யார் என்ற கேள்வி வருகிறது. நான் செய்தது தப்பு என்றால், உன் பேரில்தானே செய்தேன் என்று வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு, "வேன் வராதவனுக்கு வளியில எல்லாம் உப்பைக் குமிச்சு வச்சவ நீதான். அதைப் பாக்கத் தெரியலையே தாயி எனக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அப்படியே விழுந்தேன், நெடுஞ்சாண்கிடையாக. இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டினேன். வலது கை மெல்ல நகர்ந்தது. மூடியது. எழுந்து கண்ணில் ஒற்றிக்கொண்டு, கையை முந்தானைக்குக் கொண்டுபோனபோது நேர் எதிரே பூசாரி நின்றுகொண்டிருந்தார். இருபது வருஷமாக என்னைத் தெரிந்தவர். செவ்வாய், வெள்ளி என் கையால் எண்ணெய் வாங்கி ஊற்றுகிறவர்.

"என்னம்மா… நீங்களா? ஆத்தா உப்பையா எடுக்குறீக?"

முந்தானையில் முடிச்சை இறுக்கிப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"ஆத்தாகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன் பூசாரி. வேண்டாம்னு சொல்லலையே."

பூசாரி திரும்பிக் கருவறையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை.